ஆக்சுவேட்டர்: சொல் எங்கருந்து வந்துச்சு, தமிழ்ல என்னன்னு சொல்றது

கிருஷ்ணகிரி பைபாஸ்ல லாரி ஒர்க்‌ஷாப் வச்சிருக்கற ஒருத்தர், மாங்கூழ் ஃபேக்டரில மெயின்டனன்ஸ் பாக்குற ஒருத்தர், ஓசூர் சிப்காட்ல மெஷின் அசெம்ப்ளி பண்ற ஒருத்தர், இந்த மூணு பேருகிட்டயும் ‘ஆக்சுவேட்டர் ஒண்ணு காட்டுங்க’ன்னு கேட்டா மூணு பேரும் மூணு வேற பொருளை காட்டுவாங்க. லாரிக்காரருக்கு டர்போவை ஒட்டி இருக்கற டப்பாவும் அதுலருந்து வர்ற சின்ன ராடும்தான் ஆக்சுவேட்டர். மாங்கூழ்க்காரருக்கு பைப் லைன்ல பட்டர்ஃபிளை வால்வு தலைமேல உக்காந்து காத்துல வேலை செய்யற பெட்டி. சிப்காட்காரர் எடுத்து வைக்கறது ஒரு மோட்டார், அது கூடவே ஒரு குழாய், அந்தக் குழாய்க்குள்ளருந்து நீண்டு வர்ற ஒரு ராடு. இதுல யார் சொல்றதும் தப்பில்லை, ஏன்னா ஆக்சுவேட்டர்ங்கறது ஒரு பொருளோட பேரே இல்லை, ஒரு வேலையோட பேரு. மேலருந்து ஒரு உத்தரவு வருது, கரண்டா இருக்கலாம், காத்தா இருக்கலாம், ஆயிலா இருக்கலாம், அதை வாங்கி அசைவா மாத்திக் குடுக்கறது எதுவோ அது ஆக்சுவேட்டர். அதனால முன்னாடி வர்ற அடைமொழிதான் முக்கியம். மாங்கூழ் வால்வுல இருக்கறது கால் சுத்து திரும்புற வகை, காத்துல ஓடுறது. பழைய லாரி டர்போல இருக்கறது நேரா தள்ளுற வகை, ஆனா அதுவும் காத்துதான், இப்ப வர்ற பிஎஸ்6 வண்டிகள்ல நிறைய எடத்துல அதுக்கு மோட்டார் வந்துருச்சு. சிப்காட்காரர் கையில இருக்கறதுதான் எலக்ட்ரிக் லீனியர் ஆக்சுவேட்டர், இந்த விளக்கம் முக்கியமா அதைப் பத்தினது. கேட்லாக்ல அது கூட ஒட்டிக்கிட்டு வர்ற ‘ஹார்ஷ் என்விரான்மென்ட்’, ‘காம்பேக்ட்’ங்கற ரெண்டு அடைமொழியையும் கடைசில பாப்போம்.

சொல்லோட வேருக்கு வருவோம். லத்தீன்ல ‘ஆகெரே’ன்னு ஒரு வினைச்சொல், ஓட்டுறது, செய்யறது ரெண்டுமே அதுக்குப் பொருள், ஆடுமாட்டை ஓட்டிட்டுப் போறதுக்கும் அதே சொல்லைத்தான் சொல்லியிருக்காங்க. அதுலருந்து ‘ஆக்டஸ்’, அதுலருந்து இடைக்கால லத்தீன்ல ‘ஆக்சுவாரே’, அது இங்கிலீஷுக்கு 16ஆம் நூற்றாண்டோட கடைசில ‘ஆக்சுவேட்’னு வந்துச்சு. ஏஜென்ட், ஆக்‌ஷன், ஆக்டர், அஜெண்டா எல்லாம் ஒரே வேர்ல முளைச்சதுதான், இன்சூரன்ஸ் கம்பெனில பிரீமியம் கணக்கு போடுற ஆக்சுவரி கூட இந்த வீட்டு சொந்தம்தான், ஆனா அவருக்கும் ராடு நீட்டுறதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, ரோமாபுரில நடவடிக்கைகளை எழுதி வைக்கற குமாஸ்தாவோட பேர்லருந்து அவரு வந்தாரு. நம்ம ‘ஓட்டு’ங்கற வினையும் இதே அகலம் உள்ளதுதான்னு கவனிச்சீங்களா? மாடும் ஓட்டுறோம், வண்டியும் ஓட்டுறோம், சிஎன்சி மெஷினும் ஓட்டுறோம். ஆனா ‘ஓட்டி’ன்னு பேர் வச்சா டிரைவர்னு ஆயிடும், அதனால அந்த வழி அடைபட்டுருச்சு.

‘லீனியர்’ இன்னும் நல்லாருக்கு. லத்தீன்ல ‘லீனும்’னா ஆளிச்செடி, நாட்டு மருந்து கடைல ஆளிவிதைன்னு விக்கறாங்களே அந்தச் செடி, அதோட நார்ல திரிச்ச நூலுக்கு ‘லீனியா’ன்னு பேரு, அந்த நூலே அப்பறம் கோடுன்னு ஆயிருச்சு. இங்க கொத்தனாரு சுவர் வைக்கறப்ப நூல் பிடிக்கறாரு, ‘நூல் பிடிச்ச மாதிரி நேரா போகுது’ன்னு நாமளும்தான் சொல்றோம், ரெண்டு ஊருலயும் கோட்டுக்கு அளவுகோல் நூலாத்தான் இருந்திருக்கு.

சரி உள்ள என்னதான் நடக்குது. ஒரு சின்ன டிசி மோட்டார், பெரும்பாலும் 12 இல்லன்னா 24 வோல்ட், அதுக்கு அடுத்து வேகத்தைக் கொறைச்சு பலத்தைக் கூட்டற கியர், கியர்லருந்து நீளமா ஒரு திருகு, திருகு மேல ஒரு நட்டு. நட்டை சுத்த விடாம பிடிச்சுக்கிட்டு திருகை மட்டும் சுத்துனா நட்டு நேரா நகரும், அந்த நட்டோட ராடை இணைச்சுட்டா ராடு வெளிய வரும், பிளஸ் மைனஸை மாத்திக் குடுத்தா உள்ள போகும். அவ்வளவுதான் மொத்த ரகசியம், லாரி டிரைவர் வச்சிருக்கற ஸ்க்ரூ ஜாக்கிக்கு கைப்பிடிக்குப் பதிலா மோட்டார் வச்சா அதுதான் இது. ரெண்டு முனைலயும் லிமிட் சுவிட்ச் இருக்கும், முனையைத் தொட்டதும் மோட்டார் நின்னுக்கும். ஒரு சுத்துக்கு 4 மில்லிமீட்டர் நகர்ற திருகு, நிமிஷத்துக்கு 300 சுத்துன்னா 1200 மில்லிமீட்டர், அதாவது வினாடிக்கு 20 மில்லிமீட்டர். 1000 நியூட்டன், நம்ம பேச்சுல சொன்னா கிட்டத்தட்ட நூறு கிலோ, அதை அந்த வேகத்துல தள்ளணும்னா வெளிய வர்ற பவர் வெறும் 20 வாட்தான், ஆனா திருகும் கியரும் உரசல்லயே நிறைய தின்னுடும், மொத்த திறன் 30 சதவீதம்னு வச்சுக்கிட்டா மோட்டாருக்கு 67 வாட் குடுக்கணும், 12 வோல்ட்ல அஞ்சரை ஆம்பியர். ஒல்லி ஒயரை நீளமா இழுத்துட்டு ‘ஆக்சுவேட்டர் தள்ளவே மாட்டேங்குது’ன்னு புலம்பறவங்க இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாத்துக்கலாம்.

அந்த உரசல் வீண் இல்லை, அதுல ஒரு லாபமும் இருக்கு. சாதா ட்ரப்பீசாய்டல் திருகுல, அதாவது மரை பல்லு சரிவக வடிவத்துல இருக்கற திருகுல, உரசல் அதிகம்ங்கறதால, கரண்ட் போனாலும் பெரும்பாலும் லோடு அதைத் திருப்பித் தள்ளிட்டு வராது, நின்ன எடத்துல நிக்கும். திருகுக்கும் நட்டுக்கும் நடுவுல குண்டு உருளுற பால் ஸ்க்ரூன்னா 90 சதவீதம் வரைக்கும் திறன் கிடைக்கும், கரண்ட் மிச்சம், வேகமும் உண்டு, ஆனா லோடு பின்னாடி தள்ளிடும், அதுக்கு தனியா பிரேக் வைக்கணும். காத்து சிலிண்டர்ல வேற சிக்கல், ரெண்டு முனைலயும் நிக்கும், நடுவுல நிறுத்தறதுதான் பெரும்பாடு, போதாததுக்கு கம்ப்ரஸர் வேற நாள்பூரா ஓடிக்கிட்டே இருக்கணும்.

இப்ப தமிழ்ச் சொல். ரொம்ப பேரு சொல்றது ‘இயக்கி’. இலக்கணப்படி அருமையான சொல், இயங்கு தன்வினை, இயக்கு பிறவினை, தானா இயங்கறது இல்லை இன்னொண்ணை இயங்க வைக்கறது, ஆக்சுவேட்டரோட வேலை அச்சுல வார்த்த மாதிரி அதுக்குள்ள உக்காருது. ஆனா இந்த ஒரு சொல் மேல ஏகப்பட்ட பேரு ஏறி உக்காந்திருக்காங்க. கம்ப்யூட்டர்ல பிரிண்டர் டிரைவருக்கும் இயக்கிதான், மோட்டாருக்கு மின்னியக்கின்னு எழுதறவங்க இருக்காங்க, தெக்க நெல்லை குமரி பக்கம் போனா இயக்கி அம்மன், இசக்கின்னு சாமியே இருக்கு. அதனால ‘மின் இயக்கி பழுது’ன்னு ஸ்டோர் ரிஜிஸ்டர்ல எழுதுனா மோட்டார் போச்சா ஆக்சுவேட்டர் போச்சான்னு எவனுக்கும் தெரியாது. சில பேரு ‘முடுக்கி’ங்கறாங்க, அது எனக்கு ஒத்து வரலை, முடுக்கின்னா வண்டில ஆக்சிலரேட்டர், அப்பறம் ஒர்க்‌ஷாப்ல போல்ட்டை முடுக்குன்னா டைட் பண்ணுன்னு அர்த்தம். ‘உந்தி’ கேக்க அழகா இருக்கு, ஆனா பழைய தமிழ்ல அது கொப்பூழ். ‘செயலி’யை மொபைல் ஆப் எடுத்துக்கிச்சு.

அதனால என் ஓட்டு இயக்கிக்கே, ஆனா தனியா விடக்கூடாது. லீனியருக்கு ‘நேரியல்’னு போடறாங்க, அது கணக்குப் பாடத்துல நேரியல் சமன்பாட்டுக்கு சரி, இங்க போட்டா இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் உள்ள உறவு நேரியல்னு படிக்கறவன் நினைச்சுக்குவான். பள்ளிக்கூட இயற்பியல் புத்தகத்துல நேர்கோட்டு இயக்கம், சுழற்சி இயக்கம்னு ஏற்கனவே படிச்சிட்டுத்தான் வந்திருக்கோம், அதையே எடுத்து ‘மின் நேர்கோட்டு இயக்கி’ன்னு சொன்னா ஐடிஐ பையனுக்குக் கூட விளக்கம் தேவைப்படாது. காத்துல ஓடுனா காற்றழுத்த நேர்கோட்டு இயக்கி. லீனியர் மோட்டார்ங்கறது முழுக்க வேற சாமான், அதுல திருகே கிடையாது, காந்தப்புலமே நேரா இழுத்துட்டுப் போகும், மேக்லெவ் ரயில்ல இருக்கறது, அதை இதோட குழப்பிக்க வேணாம்.

அடுத்து ‘ஹார்ஷ் என்விரான்மென்ட்’, கடுஞ்சூழல்னு சொல்லிரலாம், சொல்லுல ஒரு பிரச்சினையும் இல்லை, அதுக்குள்ள என்ன அடங்குதுங்கறதுலதான் பிரச்சினை. கேட்லாக்ல ஐபி67, ஐபி69கேன்னு போட்டிருப்பான், நாம அதைப் பாத்ததும் எதுவும் தாங்கும்னு நினைச்சுக்கறோம். மொதல் எண் தூசிக்கு, 6ன்னா தூசி உள்ளயே போகாது. ரெண்டாவது எண் தண்ணிக்கு, 7ன்னா ஒரு மீட்டர் ஆழத்துல அரை மணி நேரம் கிடந்தாலும் கெடுதல் பண்ற அளவுக்கு தண்ணி ஏறாது. 69கே ஜெர்மன்காரங்க வண்டிகளுக்காகக் கொண்டு வந்த டெஸ்ட், 80 டிகிரி சூட்டுத் தண்ணி, 80லருந்து 100 பார் அழுத்தம், 10லருந்து 15 சென்டிமீட்டர் கிட்டத்துலருந்து பீச்சி அடிப்பாங்க. எல்லாம் சரி, ஆனா அடிக்கறது வெறும் தண்ணி.

மாங்கூழ் சீசன்ல நடக்கறது என்னன்னா, பெங்களூரா மாம்பழக் கூழ் மெஷின் மேல வழியும், அது புளிப்பு, காய்ஞ்சா பசை, ஷிஃப்ட் முடிஞ்சதும் காஸ்டிக் சோடா கரைசல் போட்டு கழுவுவாங்க. அலுமினியம் பாடி உள்ள ஆக்சுவேட்டர் மேல அந்தக் காஸ்டிக் தெறிச்சா, காஸ்டிக் அலுமினியத்தைக் கரைச்சுரும், மொதல்ல பளபளப்பு போகும், அப்பறம் மேல பொரிப்பொரியா குழி விழும், கடைசில சீல், அதாவது தண்ணி புகாம தடுக்கற ரப்பர் வளையம், உக்கார்ற விளிம்பே அரிச்சுப் போகும். ஐபி எண் என்னவோ அப்படியேதான் ஸ்டிக்கர்ல இருக்கும். நான் பாத்த ஒரு யூனிட்ல ஹாப்பர் ஃபிளாப்புக்கு, அதாவது சரக்கு கொட்டற தொட்டியோட கதவுக்கு, இப்படித்தான் 69கே போட்டது ஒரு சீசன் கூட தாங்காம போச்சு, கழட்டிப் பாத்தா திருகு முழுக்க துரு, கிரீஸ் பால் கலர்ல நுரைச்சிருந்துச்சு, தண்ணி உள்ள போயிருக்குன்னு அர்த்தம். ஃபுட் லைன்னா ராடு, பாடி ரெண்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலான்னு கேக்கணும், 316 கிரேடுன்னா நல்லது.

அந்த தண்ணி சீலைத் தாண்டி எப்படிப் போச்சுங்கறதும் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம். ஓடி ஓடி சூடேறுன ஆக்சுவேட்டர் உள்ள காத்து விரிஞ்சு கொஞ்சம் வெளிய கசிஞ்சிருக்கும், அந்த நேரம் பாத்து குளிர்ந்த தண்ணியை அடிச்சா உள்ள காத்து சட்டுனு சுருங்கி இழுவை உண்டாகும், சூடா சாதம் போட்டு மூடுன டிபன் பாக்ஸ் ஆறுனப்பறம் மூடி இறுகிக்குதே அதே கதை, அந்த இழுவைல சீல் உதட்டு மேல நிக்கற தண்ணி உள்ள போயிரும். ஒரு தடவைக்கு ஒரு சொட்டுதான், சீசன் பூரா சேந்தா பத்தாதா. இதுக்காகத்தான் நல்ல ஆக்சுவேட்டர்ல காத்தை விட்டு தண்ணியைத் தடுக்கற மெம்பிரேன் மூச்சுத்துளை வச்சிருக்காங்க, அதை எம்-சீல் போட்டு அடைக்கற புண்ணியவான்களும் நம்மூர்ல உண்டு.

கிரானைட் பக்கம் கதை வேற. இந்த மாவட்டத்துல கல் அறுக்கற, பாலிஷ் போடற ஷெட் நிறைய, அங்க தண்ணியும் கல்மாவும் கலந்த சேறு நீட்டுன ராடு மேல படிஞ்சு காயும், ராடு உள்ள போறப்ப அது எமரி பேப்பர் வேலையைப் பாத்து சீலை அறுத்துரும். முனைல அழுக்கு வழிக்கற வைப்பர் சீல் இருக்கணும், முடிஞ்சா ராடு கீழ பாக்கற மாதிரி மாட்டணும், சேறு அது பாட்டுக்கு வடிஞ்சிரும். கதிர் அடிக்கற கம்பைன் ஹார்வெஸ்டர்ல சல்லடை திறப்பை மாத்தறதுக்கும் இந்த ஆக்சுவேட்டர் வருது, அங்க தண்ணியை விட தூசியும் அதிர்வும்தான் எதிரி, கனெக்டர் பின்னு ஆடி ஆடி தேஞ்சு போகும்.

சூட்டுக்கும் ஒரு வார்த்தை. நல்லா சீல் பண்ணுன சின்ன பாடில சூடு வெளிய போக வழி கம்மி, அதனால டியூட்டி சைக்கிள் 25 சதவீதம்னு போட்டிருந்தா பத்து நிமிஷத்துல ரெண்டரை நிமிஷம்தான் ஓட்டலாம், மிச்ச நேரம் ஓய்வு. மே மாச வெயில்ல தகர ஷெட்டுக்குள்ள அதுவும் கொறையும்.

கடைசியா ‘காம்பேக்ட்’. இதுக்கு ‘கையடக்க’ன்னு போடறாங்க, அது போனுக்கும் ரேடியோவுக்கும் சரி, நூறு கிலோ தள்ளற சாமானுக்கு நல்லால்ல, ‘கச்சிதமான’ன்னு சொல்லுங்க, நம்ம வீட்டுச் சொல்லு. ஆனா எந்தப் பக்கம் கச்சிதம்னு கேட்டு வாங்கணும். மோட்டாரும் திருகும் ஒரே கோட்டுல இருந்தா ஒல்லியா இருக்கும், ஆனா நீளம். மோட்டாரை பக்கத்துல இணையா வச்சா நீளம் கொறையும், ஆனா அகலம் கூடும். 300 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், அதாவது ராடு நகர்ற தூரம், வேணும்னா ராடு முழுசா உள்ள போனாலும் அந்த 300ம் பாடிக்குள்ளதானே இருந்தாகணும், அதுக்கு மேல கியர், நட்டு, பின்னு மாட்டற ஓட்டைக்கெல்லாம் நூறு நூத்தம்பது மில்லிமீட்டர் சேத்துக்கணும். ஸ்ட்ரோக்குக்கு ‘வீச்சு’ன்னு நல்ல சொல் இருக்கு, இன்ஜின் பாடத்துல வர்றதுதான், ராடு முழுசா உள்ள போனப்ப இருக்கற மொத்த நீளத்தை மூடுன நீளம்னே எழுதலாம். ஆர்டர் போடறப்ப ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க, சும்மா ‘300 மில்லிமீட்டர் ஆக்சுவேட்டர்’னு எழுதுனா சப்ளையர் ஒண்ணை நினைப்பான், ஃபிரேம்ல ஓட்டை போட்ட வெல்டர் இன்னொண்ணை நினைச்சிருப்பான்.