குளிர்காலம் வராத ஊரில் குளவிக் கூடு

"கொஞ்ச நாள் பொறுத்தால் தானாகவே காலியாகிவிடும்னு யூடியூப்ல சொன்னாங்களே?" கூட்டை எடுக்கக் கூப்பிடுகிறவர்கள் பலர் கேட்பது இது. பூச்சி ஒழிப்புத் தொழிலில் இருக்கும் எனக்கு இதற்குப் பதில் சொல்லியே பாதி நேரம் போய்விடும்.

அந்த வீடியோக்கள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எடுத்தவை. அங்கே வசந்தத்தில் ராணிக் குளவி தனியாகக் கூடு தொடங்கும். கோடையில் கூட்டம் பெருகும். குளிர் வந்ததும் மற்றதெல்லாம் மடிந்து, இணைசேர்ந்த இளம் ராணிகள் மட்டும் எங்காவது ஒளிந்து பிழைக்கும். சிங்கப்பூரில் அந்தக் கணக்கு செல்லாது. டிசம்பர் மழையிலும் சரி, ஜூன் வெயிலிலும் சரி, புதுக் கூடும் இருக்கும், முற்றிய கூடும் இருக்கும். இங்கே மாதத்தைப் பார்த்துப் பயனில்லை, கூட்டின் வயதைத்தான் பார்க்க வேண்டும்.

தொடக்கத்தில் பெரும்பாலும் ஒரு ராணியும் சில அறைகளும்தான். மரநாரைச் சுரண்டி, எச்சிலில் குழைத்து, காகிதம் போலக் கட்டும். முதல் வேலைக்காரக் குளவிகள் வெளிவர ஏறக்குறைய ஒரு மாதமாவது ஆகும். அதுவரை இரை தேடுவதும் குஞ்சுக்கு ஊட்டுவதும் ராணியின் பாடு. இந்தக் கட்டத்தில் கண்ணில் பட்டால் வேலை சுலபம். வேலைக்காரிகள் வந்தபின் கூட்டுக்குக் காவல் வந்துவிடும். அதனால் மாதம் ஒருமுறை ஏர்கான் கம்ப்ரஸர் திட்டு, துணிக்கம்பு செருகும் குழாய், தரைவீட்டுக் கூரையின் அடிப்பக்கம் இவற்றை நிமிர்ந்து பாருங்கள். கறிவேப்பிலைச் செடியில் குளவி அடிக்கடி வந்தால் பயப்பட வேண்டாம். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுக்களைப் பிடித்துப்போய்க் குஞ்சுகளுக்குக் கொடுக்கிறது. உங்கள் செடிக்கு லாபம்தான்.

எல்லாக் கூட்டையும் எடுக்க வேண்டியதில்லை. அறைகள் வெளியே தெரியும் சிறிய காகிதக் கூடு, ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் இருந்தால் விட்டுவிடலாம். மண்ணால் கட்டிய குழாய் போன்ற கூட்டில் இருப்பவை தனிக்குளவிகள், கூட்டமாகத் தாக்காது. நான் உடனே கிளம்பிப் போவது கதண்டு என்னும் பெரிய குளவிக்குத்தான். கரிய உடல், வயிற்றின் முன்பாதியில் ஆரஞ்சு கலந்த மஞ்சள் பட்டை. கூட்டை உறைபோட்டு மூடியிருக்கும், உள்ளே எத்தனை இருக்கின்றன என்று வெளியிலிருந்து தெரியாது. தேனீயைப் போல ஒருமுறை கொட்டியதும் கொடுக்கை இழப்பதில்லை, திரும்பத் திரும்பக் கொட்டும். விஷத்தின் வாசனை மற்றவற்றையும் அழைத்துவிடும். ஒன்று கொட்டினால் அடிக்க நிற்காமல் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்துங்கள்.

செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்துவது நம் பெரியவர்களிடம் இன்னும் போகாத பழக்கம். தாத்தாவின் ஊர்த் தோப்பில் அது நடந்திருக்கலாம். பத்தாவது மாடித் தாழ்வாரத்தில் தீயையும் கதண்டையும் ஒன்றாகச் சமாளிக்க முடியாது. பகலில் ஸ்ப்ரே அடிப்பதும் அரைகுறை வேலை, பாதிக் குளவிகள் அப்போது வெளியே இருக்கும். நாங்கள் இருட்டிய பிறகு, சிவப்பு விளக்கோடு போவது அதனால்தான்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கின் பொது இடமென்றால் நகர மன்றத்திடமும், பூங்கா, சாலையோர மரமென்றால் தேசியப் பூங்காக் கழகத்திடமும் சொல்லுங்கள். சொந்த வீட்டுக்குள், தரைவீட்டில், உரிமம் பெற்ற நிறுவனத்தைக் கூப்பிட வேண்டியது நீங்கள்தான்.

கொட்டிய இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் வையுங்கள். சுண்ணாம்பெல்லாம் வேண்டாம். மூச்சுத்திணறல், முகவீக்கம், மயக்கம், உடம்பெங்கும் தடிப்பு வந்தால் உடனே ஆம்புலன்ஸுக்கு 995. பல இடங்களில் கொட்டியிருந்தால் வலி அடங்கிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போங்கள். விஷம் சிறுநீரகத்தைத் தாக்குவது சில நாள் கழித்துக்கூடத் தெரியவரலாம்.

கூட்டை எடுத்த மறுநாளும் சில குளவிகள் அதே இடத்தைச் சுற்றும். இரைக்குப் போய் இரவு கூடு திரும்பாமல் வெளியே தங்கிவிட்டவை அவை. சில நாளில் குறைந்துவிடும். அதுவரை அந்த ஜன்னலைச் சாத்திவைத்து, துணியை வேறு பக்கம் காயப்போடுங்கள்.