பேக்லாஷ்: பின்னடைவு அல்ல, திருப்பத் தளர்வு

கையால் ஓட்டும் சின்ன லேத்தை வீட்டிலேயே சிஎன்சி ஆக்குவது, அதாவது கணினியால் ஓட்டும்படி மாற்றுவது பற்றித் தமிழில் யாராவது எழுதினால் ஆசையாகப் படிக்கிறேன். மூன்றாவது பத்தியில் பேக்லாஷுக்குப் 'பின்னடைவு' என்ற மொழிபெயர்ப்பு வந்து நிற்கும். படிக்கிற ஆசையே போய்விடும்.

பேக்லாஷ் என்பது இதுதான். கைப்பிடியை ஒரு பக்கமாகச் சுற்றிக்கொண்டே வந்து எதிர்ப்பக்கம் திருப்புங்கள். கைப்பிடி சுற்றும், டயலில் கோடுகள் ஓடும், உளியைத் தாங்கிக் குறுக்கே நகரும் கிராஸ் ஸ்லைடு மட்டும் அசையாது. அதை நகர்த்தும் திருகின் புரிக்கும் நட்டின் புரிக்கும் நடுவே இருக்கும் சந்து தீர்ந்த பிறகுதான் அது நகரும். பற்சக்கரங்களிலும் இதே கதைதான். ஆங்கிலத்தில் 'பின்'னும் 'சாட்டையடி'யும் சேர்ந்து பிறந்த சொல். 19ஆம் நூற்றாண்டிலேயே இயந்திரங்களுக்கு வழங்கியது. மக்கள் எதிர்ப்பு என்ற அரசியல் பொருள் பின்னால் வந்தது.

சரி, இதில் பின்னால் போவது எது? ஒன்றுமே இல்லை. ஸ்லைடு நின்ற இடத்திலேயே நிற்கிறது. தேர்தலில் தோற்ற கட்சிக்குப் பின்னடைவு. வியாபாரத்தில் நட்டம் வந்தால் பின்னடைவு. நட்டில் சந்து இருந்தால் அது எப்படிப் பின்னடைவாகும்? இதைப் படிக்கும் புதியவர், ஸ்லைடு தானாகப் பின்னுக்கு நழுவுகிறது என்றுதான் நினைப்பார், மோட்டாரின் பிடிப்பு போதவில்லை என்று பெரிய மோட்டார் வாங்கப் போவார். அதைவிடக் கொடுமை 'பின்னடைவு இழப்பீடு'. மென்பொருள் அந்தச் சந்துக்கு ஈடாக மோட்டாரைச் சில படிகள் கூடுதலாகச் சுற்றவைப்பதற்கு இந்தப் பெயர். வெள்ள நிவாரணத் தொகை போலிருக்கிறது.

சொல் தெளிவாக இருந்தால் வேலையும் புரியும். ஒரு உருண்டை கடைவதாக வையுங்கள். உளி நடுப்பகுதி வரை வெளியே வந்து, பிறகு உள்ளே திரும்ப வேண்டும். அந்தத் திருப்பத்தில் ஸ்லைடு ஒரு கணம் சும்மா நிற்பதால் உருண்டையின் இடுப்பில் தட்டையாக ஒரு பட்டை விழுகிறது. சந்து 0.1 மி.மீ. என்றால் விட்டத்தில் 0.2 மி.மீ. வரை பிசகும். கையால் ஓட்டும் டர்னர் கொஞ்சம் கூடுதலாகப் பின்னால் எடுத்து, எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து அளவுக்கு வந்து இதைச் சமாளித்துவிடுவார். கணினிக்கு அந்தக் கைப்பழக்கம் இல்லை. அதனால்தான் பழைய திருகைக் கழற்றிவிட்டு, நட்டுக்குள் குண்டுகள் உருளும், சந்து மிகக் குறைந்த பால் ஸ்க்ரூ போடுகிறார்கள்.

பட்டறையில் 'நட்டுல ஆட்டம் இருக்கு' என்பார்கள். நல்ல பேச்சுதான், ஆனால் எல்லா லொடலொடப்பும் ஆட்டம்தான். பேரிங் தேய்ந்தாலும் ஆட்டம். 'வெற்றோட்டம்' கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் மோட்டார் சுமையில்லாமல் ஓடுவதாகப் பொருள்படும். ஜெர்மன்காரர்கள் வைத்த பெயர்களில் ஒன்றுக்கு 'திரும்பும்போது உள்ள ஆட்டம்' என்று பொருள். அவர்கள் விஷயத்தைப் பிடித்திருக்கிறார்கள். தமிழில் 'திருப்பத் தளர்வு' என்றால் எப்போது வருகிறது, எதனால் வருகிறது, இரண்டும் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. ஈடுசெய்வது 'தளர்வு ஈடு'.

இந்த மொழிபெயர்ப்பாளர்கள் பட்டறைப் பக்கமே போவதில்லையோ? பால் ஸ்க்ரூ அவர்களுக்குப் 'பந்துத் திருகு'. சைக்கிள் கடைப் பையன்கூட பேரிங்குக்குள் இருப்பதைக் குண்டு என்றுதான் சொல்வான், பந்து என்று சொல்லமாட்டான். குண்டுத் திருகு என்று எழுத என்ன தடை? ஸ்டெப்பர் மோட்டார் 'படிநிலை மோட்டார்' ஆகிவிட்டது. படிநிலை என்றால் மேல், கீழ் என்ற வரிசை. இது ஒரு சுற்றை, பெரும்பாலும் 200 சம படிகளாக எடுத்து வைக்கும் மோட்டார், படி மோட்டார் என்றாலே போதும். கடைசல் என்று நல்ல சொல் கையில் இருக்கும்போதே லேத்துக்கு 'சுழல்வெட்டுப் பொறி' என்று எழுதுகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பயனில்லை.