கார்புரேட்டர்: கரியேற்றியா, கலப்பியா?

பெட்ரோலையும் காற்றையும் உரிய அளவில் கலந்து இன்ஜினுக்குள் அனுப்பும் கருவிதான் கார்புரேட்டர். நேர்ப்பொருள் பார்த்தால் இந்தப் பெயரில் பெட்ரோலும் இல்லை, காற்றும் இல்லை. கரிதான் இருக்கிறது.

லத்தீனில் 'கார்போ' என்றால் கரி. அதன் வழியே பிரெஞ்சில் 'கார்ப்யூர்' என்ற சொல் வந்தது; கரிமம் சேர்ந்த சேர்மத்தைக் குறித்தது. 19ஆம் நூற்றாண்டில் விளக்கெரிக்கும் வாயுவில் கரிமப் பொருள்களின் ஆவியை ஏற்றி ஒளியைக் கூட்டினார்கள். அந்தத் தொழிலின் சொல் பிறகு இன்ஜினுக்கு வந்து சேர்ந்தது. கார்ல் பென்ஸின் முதல் வண்டியில் பெட்ரோலின் மேற்பரப்பைத் தொட்டுச் சென்ற காற்று ஆவியை ஏந்திக்கொண்டு உள்ளே போனது. அந்தக் கருவிக்குக் 'கரியேற்றி' என்று பெயர் வைத்தால் பொருந்தும். 1893இல் ஹங்கேரியின் டோனாட் பாங்கியும் யானோஷ் சோன்காவும் பெட்ரோலைத் துளை வழியே தெளிக்கும் கருவிக்குக் காப்புரிமை கோரினார்கள். வேலை மாறியது, பெயர் மாறவில்லை.

ஆகவே வேரைப் பிடித்துத் தமிழாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. செய்யும் வேலையை வைத்து 'கலப்பி' என்பதே சரி. மண்ணை வெட்டுவது மண்வெட்டி என்பதுபோல, கருவிப்பொருள் தரும் இகர விகுதி இதிலும் இருக்கிறது. பெட்ரோல் கூடினால் ரிச், குறைந்தால் லீன் என்று கடைகளில் சொல்வதை செறிந்த கலவை, மெலிந்த கலவை எனலாம். ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளை), சோக் (குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பக் காற்றைக் குறைக்கும் தகடு) இரண்டும் எல்லார் வாயிலும் பழகியவை. அவற்றை அப்படியே விட்டுவிடலாம்.

ஆனால் கலப்பதைவிட அளப்பதுதான் இக்கருவியின் உயிர். அமெரிக்காவில் பழைய வி8 (எட்டு சிலிண்டர்) கார்களுக்குக் கலப்பி தேர்ந்தெடுப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அங்கே அளவு சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்பது. செவ்ரோலெட்டின் 350 கன அங்குல இன்ஜினை எடுத்துக்கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் அதன் கொள்ளளவு நிரம்பும். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் முழுதாக நிரம்பினால் 608 சிஎஃப்எம் காற்று வேண்டும். சாதாரணத் தெரு இன்ஜின் 85 விழுக்காடுதான் நிரம்பும் என்றால் 516. ஆகவே 600 சிஎஃப்எம் கலப்பி போதும். 7,000 சுற்று வரை போய், முழுதாக நிரம்பும் பந்தய இன்ஜினுக்கு 709 வேண்டும். அங்கே 750 பொருந்தும்.

பெரிது போட்டால் வேகம் கூடும் என்ற எண்ணம்தான் பலரைக் கெடுக்கிறது. கலப்பியின் குறுகிய கழுத்தில் காற்று விரையும்போது அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவுதான் பெட்ரோலை உறிஞ்சி இழுக்கிறது. கழுத்து அகலமானால் குறைந்த சுற்றில் காற்று சோம்பிவிடும். பெட்ரோல் சரியாக வராது. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் கார் திணறும். நான்கு கழுத்துக் கலப்பிகளில், பின்னிரண்டும் வெற்றிடத்தால் தேவைக்கேற்பத் திறப்பது தெருவுக்கு நல்லது. மிதித்ததும் கம்பியால் திறக்கும் 'டபுள் பம்ப்பர்' வகை, எடை குறைந்த, கையால் கியர் மாற்றும் டிராக் (நேர்த்தடக் குறுந்தூரப் பந்தய) கார்களுக்கு ஏற்றது.

டியூனிங்கில் முதலில் இக்னிஷன் நேரம், பிறகு மிதவை அறையின் (கலப்பிக்குள் பெட்ரோல் தேங்கும் அறை) மட்டம், அடுத்து வண்டி நிற்கையில் ஓடும் கலவையைச் சரிசெய்யும் ஐடில் திருகு, கடைசியில்தான் மெயின் ஜெட். பெட்ரோல் முழுதாய் எரிய 1 பங்குக்கு 14.7 பங்கு காற்று எடைக்கணக்கில் வேண்டும். முழு ஆற்றலுக்கோ 12.5 முதல் 13 வரை, கொஞ்சம் செறிவாக. ஸ்பார்க் பிளக் வெளுத்திருந்தால் மெலிவு, கரி படிந்திருந்தால் செறிவு. பந்தயத்தடத்தில் கால் மைல் முடிவில் காட்டும் வேகமே நம்பகமான சான்று: ஜெட்டை மாற்றியதும் அது ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இடமும் கணக்கில் வரும். 2023 வரை பந்தயம் நடந்த கொலராடோவின் பேண்டிமியர் தடம் ஏறக்குறைய 5,800 அடி உயரத்தில் இருந்தது. காற்று மெலிந்த அந்த இடத்தில், கடலோர ஜெட்டோடு போனால் கலவை செறிந்துவிடும். சிறிய ஜெட் போட வேண்டும்.

அமெரிக்க டிராக் பந்தயங்களை நடத்தும் என்எச்ஆர்ஏ அமைப்பின் புரோ ஸ்டாக் பிரிவு 2016இல் கலப்பியிலிருந்து எரிபொருள் செலுத்திக்கு (ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்) மாறியது. அங்கே அளவைக் கணினி தீர்மானிக்கிறது. கலப்பியிலோ அழுத்தமும் துளையுமே அளக்கின்றன. செலுத்தியைக் கலப்பி என்று அழைக்கக் கூடாது.

பயன்பாடு: "கலப்பியில் கலவை மெலிந்திருக்கிறது, ஜெட்டை இரண்டு எண் கூட்டிப் பாருங்கள்."