டிராக்கை இறுக்கினால் மீன் தங்காது

இந்த வாரமும் ஒரு ஸ்பின்னிங் ரீல் (தூண்டில் லைனைச் சுற்றும் கருவி) பல்சக்கரம் நொறுங்கி என் மேசைக்கு வந்தது. முட்டுக்காட்டில் நல்ல கொடுவா கடித்ததாம். மீன் இழுத்தால் லைனை அளவோடு ஓட விடும் பிரேக்தான் டிராக். அதன் குமிழைத் திருகிப் பார்த்தேன், இம்மியும் நகரவில்லை. அவ்வளவு இறுக்கம்.

"லூஸா விட்டா மீன் ஓடிடுமே சார்" என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். ஓடட்டும்! ஓட விடத்தான் டிராக் இருக்கிறது. ஓடினால்தான் மீன் களைக்கும். விடாவிட்டால் லைன் அறும், அல்லது தூண்டில் முள் நிமிரும். இரண்டும் தாங்கிவிட்டால் ரீல் போகும்.

ரீலில் 8 கிலோ டிராக் என்று போட்டிருந்தால் 8 கிலோ மீன் வரைதான் பிடிக்கலாம் என்று நினைக்கிறார்கள். இல்லவே இல்லை. குமிழை முழுக்க இறுக்கினால் எவ்வளவு இழுப்புக்கு ஸ்பூல் (லைன் சுற்றியிருக்கும் உருளை) வழுக்கும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. மீனின் எடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தண்ணீருக்குள் நாம் மீனைத் தூக்குவதில்லை, அதன் ஓட்டத்தைத்தான் தடுக்கிறோம். 2 கிலோ டிராக்கில் 5 கிலோ பாறை மீனைக் கரையேற்ற முடியும். கடையில் இந்த எண்ணை மட்டும் பார்த்து ரீல் வாங்குவதும் இதே குழப்பத்தால்தான்.

லைனின் பலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வையுங்கள், போதும். 20 பவுண்டு லைன் என்றால் ஏறக்குறைய 9 கிலோ. அதற்கு 2 முதல் 3 கிலோ. தராசு இல்லையா? 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலை லைனில் கட்டித் தூக்குங்கள். பாட்டில் தரையை விட்டு எழும்போது ஸ்பூல் மெல்ல வழுக்க வேண்டும். இதை வீட்டிலேயே செய்துவிடுங்கள். லைன் நிறைய ஓடி ஸ்பூல் மெலிந்தால் அதே டிராக் தானாகவே கூடுதலாக இழுக்கும். அப்போது போய் இன்னும் திருகாதீர்கள், கொஞ்சம் தளர்த்துங்கள்.

டிராக் சத்தம் போட்டு லைன் போகும்போது கைப்பிடியைச் சுற்றாதீர்கள், லைன் முறுக்கேறும். ஓடுகிற பிரெய்டை (இழைகளைப் பின்னிய லைன்) வெறுங்கையால் பிடிக்கவே பிடிக்காதீர்கள், விரலை அறுத்துவிடும்.

எண்ணூரோ கோவளமோ, உப்புத் தண்ணீரில் போட்ட ரீலை அன்றே கழுவுங்கள். கழுவும்போது டிராக்கை முழுக்க இறுக்கி, தண்ணீரை மெல்லத் தெளித்துத் துடையுங்கள். வாளியில் முக்க வேண்டாம். காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். இறுக்கியபடியே பரணில் கிடந்தால் டிராக்குக்குள் இருக்கும் வாஷர் அமுங்கிவிடும், அப்புறம் டிராக் விட்டு விட்டுத்தான் வழுக்கும். அப்படி ஆகிவிட்டால், தயவுசெய்து, தேங்காய் எண்ணெயோ தையல் மிஷின் எண்ணெயோ உள்ளே விடாதீர்கள். வாஷரை மாற்றினாலே சரியாகிவிடும்.