வீக்கத்த இறக்கிவிடுங்க சார்

போன ஐப்பசி மழையில ஒரு அக்கா நொண்டிக்கிட்டே வந்தாங்க, விடியக்காலம் ஜீப்புல கம்பம்மெட்டு ஏறி கேரளாவுல நெடுங்கண்டம் பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போறவங்க. முள்ளுமுருக்கு முள்ளு கீறி நாலு நாளாம். கெண்டைக்கால் செக்கச்செவேல்னு வீங்கிக் கெடக்கு, தொட்டா சுடுது, தொடையிடுக்குல நெறி வேற கட்டிருச்சு. "விஷம் ஏறிருச்சு சார், வீக்கத்த மட்டும் இறக்கிவிடுங்க, நாளைக்கு ஜீப்பு வந்துரும்."

வீங்க வச்சதே உங்க உடம்புல இருக்க ஆளுகதான்க்கான்னேன், என்னய ஒரு மாதிரி பாத்தாங்க.

தோலுக்கு அடியில மேக்ரோஃபேஜ்னு ஒரு செல்லு எப்பவும் காவல் கெடக்கும். கீறல் வழியா ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மாதிரி பாக்டீரியா நுழைஞ்சா, அதோட சுவர்ல நம்ம உடம்புல இல்லாத சில சரக்கு இருக்கும்ல, அத தன் மேல இருக்க டோல் லைக் ரிசப்டார்ங்கிற மூக்கு மூலமா மோப்பம் பிடிச்சு உடனே டிஎன்எஃப், இன்டர்லூக்கின்னு ரசாயனத்த விட்டு ஊரக் கூப்பிடும். பக்கத்துல மாஸ்ட் செல்னு இன்னொரு காவல் செல்லு ஹிஸ்டமின்ங்கிற ரசாயனத்தக் கொட்டும். ரத்தக்குழாய் விரியும், அதான் செவப்பும் சூடும். குழாய்ச் சுவர் லூசாகித் தண்ணி கசியும், அதான் வீக்கம். ரத்தத்துல போயிட்டிருந்த நியூட்ரோஃபில்ங்கிற வெள்ளணு அந்தச் சுவர்ல ஒட்டி, சந்துல நுழைஞ்சு வெளிய வந்து பாக்டீரியாவ முழுங்கி தானும் செத்துப்போகும், சீழுன்னு நாம மூக்கப் பொத்துறோமே, அதுல பெரும்பாலும் இதுக பொணந்தான். நெறி கட்டுறதும் நிணநீர் வழியா அங்க சேதி போய்ச் சேந்ததாலதான்.

1882ல மெச்னிகாஃப்னு ஒரு விஞ்ஞானி இத்தாலி மெஸ்ஸினாவுல நட்சத்திரமீன் குஞ்சு உடம்புல ரோஜா முள்ளக் குத்தி வச்சாரு, மறுநாக் காலையில பாத்தா முள்ளச் சுத்தி செல்லுக மொய்ச்சிருக்கு. 1908ல நோபல் வாங்குனாரு. இந்த அக்காவுக்கு முள்ளுமுருக்கு முள்ளு, அம்புட்டுதான்.

எனக்குக் கடுப்பு எங்கன்னா, மடியிலருந்து ஒரு பேப்பர் பொட்டலத்த எடுத்தாங்க, கடையில குடுத்த செட்டு மாத்திரை, அதுல ஒண்ணு டெக்ஸாமெத்தசோன். ஸ்டீராய்டு. அது அந்தக் கூப்பாட்டையே அமுக்கிரும், வீக்கம் வடிஞ்ச மாதிரி இருக்கும், பாக்டீரியா உள்ள நிம்மதியாப் பெருகும். விரல்ல குத்திப் பாத்தா சுகர் 260, அதுல எம்புட்டு அந்த மாத்திரை ஏத்துனதோ! சுகர் ஏறுனா நியூட்ரோஃபிலும் மந்தமாயிரும், வருஷக்கணக்கா இருந்தா கால் மரத்துப்போய் முள்ளு குத்துனதே தெரியாது.

குளிர் காய்ச்சல், மூச்சு வாங்குறது, பிதற்றல், தோல் கறுத்துக் கொப்புளம் போடுறது இதுல எது இருந்தாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அப்பவே அனுப்பியிருப்பேன். இவங்களுக்கு இல்ல. ரணஜன்னி வராம இருக்க டிடி ஊசி போட்டு, ஆன்டிபயாடிக் எழுதி, செவப்பு நிக்கிற ஓரத்துல பேனாவால கோடு போட்டு, கால உயரமா வச்சுப் படுங்க, ரெண்டு நாள்ல கண்டிப்பா வாங்கன்னேன்.

வந்தாங்க. செவப்பு கோட்டுக்கு ரெண்டு விரல் உள்ள இறங்கியிருந்துச்சு. "கோடு அழிஞ்சிரும்னு அந்தக் கால்ல தண்ணியே படவிடல சார், ஜீப்புக்காரரு கேட்டாரு, நாளைக்குப் போலாமா?"