கம்யூனிட்டி காலேஜில் முதல் கணக்குப் பாடம்: கவுன்ட்டரில் தலையாட்டும் முன்

சில வருடங்களுக்கு முன் எங்கள் அபார்ட்மென்டில் இருந்த ஓர் அக்கா, நர்சிங் படிக்கலாம் என்று பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தார் (அமெரிக்காவில் முதலில் இங்கே படித்துவிட்டு, பிறகு பல்கலைக்கழகத்துக்கு மாறிப் பட்டம் முடிக்கலாம்). ஊரில் பி.காம். முடித்தவர். கவுன்ட்டரில் "கணக்கைத் தொட்டுப் பத்து வருஷம் ஆச்சு" என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், அடிப்படை அல்ஜீப்ராவில் போட்டுவிட்டார்கள். அது முடிந்ததும் இன்னொரு அல்ஜீப்ரா. ஒரு வருடம் போயிற்று. அவர் போக நினைத்த நர்சிங் பட்டத்துக்குக் கேட்டதோ புள்ளியியல் ஒன்றுதான். படித்த அல்ஜீப்ரா இரண்டும் பல்கலைக்கழகத்தில் ஒரு யூனிட்டுக்குக்கூட (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) உதவவில்லை.

இங்கே சொல்வது கலிஃபோர்னியா விதி. மற்ற மாநிலங்களில் வேறு. 2017-இல் கையெழுத்தான ஏபி 705 சட்டம், நுழைவில் ஒரு தேர்வு வைத்து மாணவர்களை அடிப்படை வகுப்புகளுக்குத் தள்ளுவதை நிறுத்தச் சொன்னது. ஹைஸ்கூல் மதிப்பெண்ணைப் பார்த்து, ஒரு வருடத்துக்குள் பல்கலைக்கழகம் ஏற்கும் கணக்குப் பாடத்தை முடிக்க வழி செய்யுங்கள் என்றது. அப்படியும் பல காலேஜ்கள் பழைய வகுப்புகளை விடவில்லை. 2022-இல் ஏபி 1705 வந்து இன்னும் இறுக்கியது. வரலாறு இவ்வளவு போதும்.

முதலில் தெரிய வேண்டியது, உங்களுக்கு எவ்வளவு கணக்கு வரும் என்பது அல்ல. கடைசியில் எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்த மேஜர் (முக்கியப் பாடப்பிரிவு) என்பது. 'அசிஸ்ட்' என்ற அதிகாரபூர்வ இணையதளம் இருக்கிறது. உங்கள் காலேஜ், நீங்கள் போக நினைக்கும் யூசி அல்லது கால் ஸ்டேட் (கலிஃபோர்னியாவின் இரண்டு அரசுப் பல்கலைக்கழக அமைப்புகள்) வளாகம், மேஜர், மூன்றையும் கொடுத்தால் எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்று காட்டும். கவுன்சிலரை, அதாவது எந்தப் பாடம் எடுப்பது என்று வழி சொல்லும் காலேஜ் ஆலோசகரை, பார்க்கும் முன் அதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காகிதம் கையில் இருந்தால் பேச்சின் தொனியே மாறிவிடும், நானே பார்த்திருக்கிறேன்.

கவுன்சிலர் "இது டிரான்ஸ்ஃபர் ஆகும்" என்பார். பாதிப் பேர் விழுவது இந்த வார்த்தையில்தான். யூனிட் போய்ச் சேரும் என்பது மட்டுமே அதன் பொருள். உங்கள் மேஜர் அதை ஏற்குமா என்பது வேறு கேள்வி. சைக்காலஜி, சோஷியாலஜி, நர்சிங் என்றால் பெரும்பாலும் புள்ளியியல். இன்ஜினியரிங், கம்ப்யூட்டர் சயின்ஸ், இயற்பியல் என்றால் கால்குலஸ் (நுண்கணிதம்) வரிசை. அங்கே புள்ளியியல் அதற்கு ஈடாகாது, பிசினஸ் கால்குலஸும் ஆகாது. பிசினஸ் மேஜர்தான் வம்பு. ஒரு வளாகம் பிசினஸ் கால்குலஸ் போதும் என்னும், இன்னொன்று முழுக் கால்குலஸ் கேட்கும். மேஜர் முடிவாகவில்லை, ஆனால் கம்ப்யூட்டர் பக்கம் போகலாம் என்று லேசாகத் தோன்றினால்கூட கால்குலஸ் பக்கமே தொடங்குவது நல்லது. புள்ளியியலில் ஏ வாங்கிவிட்டு மனம் மாறினால், கணக்கு வரிசையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அதற்காக, புள்ளியியல் என்றால் கணக்கு வராத பிள்ளைக்கு என்று நம் வீடுகளில் இருக்கும் இளக்காரமும் வேண்டாம். தேவைப்படுகிறவருக்கு அதுதான் சரியான பாடம்.

அடுத்தது, ஊரில் பிளஸ் டூ படித்து வந்தவர்களுக்கான பொறி. மேலே சொன்ன சட்டங்களின் உறுதியான பாதுகாப்பு அமெரிக்க ஹைஸ்கூல் முடித்தவர்களுக்கும் அதற்கு இணையான சான்றிதழ் வாங்கியவர்களுக்கும்தான். மற்றவர்களிடம் பெரும்பாலும் ஓர் ஆன்லைன் படிவத்தை நிரப்பச் சொல்வார்கள். 'கடைசியாகப் படித்த கணக்கு எது' என்று அதில் ஒரு கேள்வி வரும். பட்டியலில் இருக்கும் பெயர்கள் நமக்குப் பழக்கமில்லாதவை. ஏதோ அடக்கமாக இருக்கட்டும் என்று 'அல்ஜீப்ரா 2' என்பதைத் தொட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டுப் பிளஸ் டூ கணக்கில் வகை நுண்கணிதமும் தொகை நுண்கணிதமும் உண்டு. அவற்றுக்கு இங்கே பெயர் கால்குலஸ். படித்திருந்தால் அப்படியே குறியுங்கள். ஜிபிஏ (4-க்கு இவ்வளவு என்று போடும் சராசரி மதிப்பெண்) கேட்கும் இடத்திலும் கவனம். நம் ஊரில் 75 சதவீதம் நல்ல மார்க். இங்கே 75 என்றால் சி. நீங்களாகவே 25-ஆல் வகுத்துப் போட்டு உங்களைக் குறைத்துக்கொள்ளாதீர்கள். வெளிநாட்டுச் சான்றிதழை மதிப்பிடும் நிறுவனங்களில் உங்கள் காலேஜ் எதை ஏற்கிறது என்று கேட்டு, அதன் அறிக்கையை வாங்கிக்கொள்ளுங்கள்.

'முன்பாடம் (இதற்கு முன்பே தேறியிருக்க வேண்டிய பாடம்) முடிக்கவில்லை' என்று கம்ப்யூட்டர் பதிவு செய்ய விடாதபோது பலர் பேசாமல் திரும்பி வந்துவிடுகிறார்கள். திரும்பாதீர்கள். அந்த நிபந்தனையை எதிர்த்து மனுக் கொடுக்கும் உரிமை மாநில விதியிலேயே இருக்கிறது. வகுப்பில் இடம் இருக்கும்போது மனுக் கொடுத்தால், உங்களுக்கு ஓர் இடத்தை ஒதுக்கிவைத்து 5 வேலை நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதை எந்தக் கவுன்ட்டரிலும் தானாகச் சொல்ல மாட்டார்கள். "கணக்குத் துறையைக் கேளுங்கள்" என்பார்கள், அங்கே போனால் "அட்மிஷனைக் கேளுங்கள்" என்பார்கள். மனுவை ஈமெயிலில் அனுப்புங்கள், தேதி நிற்கும். வகுப்பு நிரம்பிய பிறகு கொடுத்தால் இந்த ஐந்து நாள் கணக்கு உதவாது. ஆகவே பதிவு தொடங்கும் வாரத்திலேயே செய்யுங்கள்.

பயமாக இருந்தால் கீழே இறங்குவதற்குப் பதிலாக, அதே பாடத்தோடு சேர்த்து நடத்தும் துணை வகுப்பை எடுங்கள். வாரத்தில் சில மணி நேரம் கூடும், வருடம் போகாது. ஆனால் அந்தத் துணை வகுப்பு கிரெடிட்டா (யூனிட் உண்டு), நான்கிரெடிட்டா (யூனிட் இல்லை) என்று கேட்டுக்கொள்ளுங்கள். எஃப்-1 (மாணவர் விசா) மாணவர் செமஸ்டருக்கு 12 யூனிட் காட்ட வேண்டும், நான்கிரெடிட் அதில் சேராது.

மாநிலவாசிக்கு யூனிட்டுக்கு 46 டாலர்தான், தவறினால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். தேறாத பாடத்தைப் பொதுவாக மொத்தம் மூன்று முறைதான் எடுக்க முடியும். நடுவில் விலகி, மதிப்பெண் பட்டியலில் 'டபிள்யூ' (விலகியதைக் காட்டும் குறி) வாங்கினால் அதுவும் ஒரு முறை. டபிள்யூ விழாமல் விலகும் கடைசித் தேதி செமஸ்டரின் ஆரம்ப வாரங்களிலேயே வந்துவிடும். காலேஜ் காலண்டரில் இருக்கும், போனில் குறித்துக்கொள்ளுங்கள். முதல் வாரப் பாடம் சுத்தமாகப் பிடிபடவில்லை என்றால் அந்தத் தேதிக்குள் வேறு வகுப்புக்கு மாறிவிடுங்கள். எஃப்-1 மாணவராக இருந்தால், விலகும் பொத்தானை அழுத்தும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதிப் பதில் வாங்கிவிட்டு அப்புறம் அழுத்துங்கள்.