முழங்கால் வீங்கினால் எண்ணெயை எடுக்காதீர்கள்

மூதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாய் ஒன்பது வயது மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். முழங்கால் பந்துபோல வீங்கி, மடங்கியபடியே இறுகிவிட்டது. எங்கும் விழவில்லை என்று பிள்ளை சொன்னதால் சுளுக்காக இருக்கும் என்று மூன்று நாள் எண்ணெய் போட்டு உருவி, சுடு ஒத்தடமும் கொடுத்திருக்கிறார்கள். பாசத்தில் செய்ததுதான். ஆனால் அவனுக்கு ஹீமோஃபீலியா, அதாவது இரத்தம் சரியாக உறையாத பிறவி நோய், உருவ உருவ உள்ளே இரத்தம் இன்னும் கசிந்திருக்கிறது.

நான் பிசியோதெரபிஸ்ட். வெட்டுப்பட்டால் இரத்தம் நிற்காத நோய் என்றுதான் எங்கள் திருகோணமலையில் பலரும் இதை நினைக்கிறார்கள். சிறு வெட்டை அழுத்திப் பிடித்தாலே பெரும்பாலும் நின்றுவிடும். பிள்ளையை முடமாக்குவது மூட்டுக்குள் கசிவதுதான், அதே மூட்டில் திரும்பத் திரும்பக் கசிந்தால் குருத்தெலும்பு அரிந்து பதினைந்து வயதிலேயே கிழவரின் முழங்கால் ஆகிவிடும். தலையில் அடிபட்டால் அது உயிர்ப் பிரச்சினை, வீக்கம் தெரியும் வரை பார்த்துக்கொண்டிருக்கவே கூடாது.

பணக்கார நாடுகளில் கசியும் முன்பே கிழமைக்கு இரண்டு மூன்று தரம் ஃபக்டர் என்ற, இரத்தத்தை உறையவைக்கும் மருந்தை ஏற்றுகிறார்கள். நம்மைப் போன்ற நாடுகளில் பெரும்பாலும் கசிந்த பிறகுதான் கிடைக்கிறது, அதனால் நமக்கு நேரம்தான் பெரிய மருந்து. "கால் ஒரு மாதிரி கூசுது, சூடா இருக்கு" என்று பிள்ளை சொல்லும்போதே கிளம்புங்கள், முடிந்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஃபக்டர் ஏற வேண்டும், எக்ஸ்ரே எல்லாம் அப்புறம். கிண்ணியாவில் ஆளேற்றும் படகுப் பாதைக்குக் காத்திருந்த காலம் 2009இல் பாலம் திறந்ததோடு போய்விட்டது, ஆனாலும் விடியட்டும் என்று இரவு முழுக்க இருந்துவிடுகிறார்கள். வரும் வழியில் துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள், காலை அசைக்க விடாதீர்கள். வலிக்குப் பனடோல் போதும். அஸ்பிரினும் டைக்ளோஃபெனக்கும் வேண்டாம், தசையில் ஊசியும் வேண்டாம்.

இன்னொன்று. இந்த நோய் பெரும்பாலும் தாய் வழியாகத்தான் ஆண் பிள்ளைகளுக்கு வருகிறது. தாய்மாமனுக்கோ பெரியம்மா, சின்னம்மா மகனுக்கோ இப்படி இருந்தால், சுன்னத்துக்கு முன்பும் பல் பிடுங்கும் முன்பும் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். மூன்றில் ஒரு பங்கினருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்குமே இருந்திருக்காது, ஆகவே சுன்னத்துக்குப் பிறகு இரத்தம் நிற்காவிட்டால் கைமருந்து பார்க்காமல் உடனே வாருங்கள்.

அந்தப் பையன் ஃபக்டர் ஏற்றி, வீக்கம் வற்றி, ஆறு கிழமை பயிற்சி செய்து இப்போது நடக்கிறான், கால் முழுதாக நீளவில்லை. அவனுக்கு இரண்டு வயதில் ஒரு தம்பி. நோய் தாய் வழியாக வந்திருந்தால் அவனுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, இன்னும் பரிசோதிக்கவில்லை. நேற்றும் தாயிடம் சொல்லி அனுப்பினேன்.